நட்டின் மேல் ஆரஞ்சுக் கோடு இருந்தால் இறுக்கிவிட்டார்கள் என்று நம்பாதீர்கள்

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்டில் ஹோம்பில்ட் விமானம் (தொழிற்சாலையில் அல்லாமல் ஒருவர் தானே கட்டிய சிறு விமானம்) வாங்கி ஓட்டும் நம்மவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டு பேருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்வி-6 என்ற என் ஹோம்பில்ட் விமானத்தை வருடாந்திரப் பரிசோதனைக்காக டெக்சாஸில் ஒரு பட்டறையில் விட்டேன். லேண்டிங் கியர் (சக்கரங்களைத் தாங்கும் கால்கள்) போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரிபார்த்ததாகத் தனி வரியாகவே பில் போட்டு, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் போல்ட்டுகளில் ஸ்பேனரே பட்டிருக்கவில்லை. புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட, எப்படி ஏமாற்றினார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

ஆர்வி-6-இன் கியரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக் காலும் கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் உருண்டையான எஃகுத் தண்டு. அமெரிக்காவின் ஆஷ்கோஷ் நகரைச் சேர்ந்த விமான வடிவமைப்பாளர் ஸ்டீவ் விட்மன் கொண்டுவந்த அமைப்பு இது. தண்டின் மேல்முனை, எஞ்சினைத் தாங்கும் சட்டமான எஞ்சின் மவுண்ட்டில் வெல்டு செய்த குழாய்க்குள் நுழைந்திருக்கும். அதைத் திரும்பாமலும் கழன்று வராமலும் பிடித்து வைத்திருப்பது குறுக்கே போகும் ஒரே ஒரு போல்ட். அது லேசாகத் தளர்ந்தாலும் தண்டு குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக முறுக ஆரம்பிக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும், விட்டதும் இன்னொரு பக்கம் பார்க்கும். ஒவ்வொரு லேண்டிங்கிலும் போல்ட் துளையின் சுவரை இடித்து இடித்து, வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். வாலில் சின்னச் சக்கரம் உள்ள டெயில்வீல் விமானத்தில், ஓடுபாதையில் வேகமாகப் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் திசை மாறினால் என்ன ஆகும் என்று ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹோம்பில்ட் விமானத்தில் பராமரிப்பு வேலையை உரிமையாளரே செய்யலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் கண்டிஷன் இன்ஸ்பெக்ஷனில் கையெழுத்துப் போட, அதற்கான சான்றிதழ் உள்ளவர்தான் வேண்டும். பொதுவாக அது, அந்த விமானத்தைக் கட்டி ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கியவர், அல்லது விமான உடலையும் எஞ்சினையும் பராமரிக்கச் சான்றிதழ் பெற்ற ஏ அண்ட் பி மெக்கானிக். நான் இரண்டாவது கையாக வாங்கியவன், அதனால் மெக்கானிக்கிடம் போனேன். அவர், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் விதிகள் 43-ஆம் பகுதியின் டி இணைப்பில் சொல்லியிருக்கும் அளவுக்குப் பார்த்ததாகவும், விமானம் பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருப்பதாகவும் எழுதிக் கையெழுத்திடுவார். லேண்டிங் கியர் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் நாம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறக்கிறோம்.

விமானத்தை எடுத்து வந்த பிறகு தரையில் ஓடும்போது ஓர் அதிர்வு இருந்தது. பட்டறைக்கு போன் செய்தேன். ஆர்வி விமானம் என்றால் கால் ஆடத்தான் செய்யும், அதற்காகத்தான் சிலர் தண்டில் மெல்லிய மரச்சட்டம் ஒட்டுகிறார்கள், டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் என்றார்கள். இதில் முழுப்பொய் எதுவும் இல்லை. ஆர்வி கால்கள் அதிர்வது உண்மை, மரச்சட்டம் ஒட்டுவதும் உண்மை. அதனால்தான் இந்தப் பதில் ஆபத்தானது. தளர்ந்த போல்ட்டும் அதே மாதிரிதான் அதிரும்.

எங்கள் ஏர்போர்ட்டில் ஹேங்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர், ஹோம்பில்ட் விமானக்காரர்களின் சங்கமான இஏஏ-வின் டெக்னிக்கல் கவுன்சிலர். இவர்கள் காசு வாங்காமல் வந்து பார்த்துச் சொல்லும் தன்னார்வலர்கள். அவரும் நானும் எஞ்சினின் கீழ் மூடியான கவுலிங்கைக் கழற்றினோம். நட்டுகளின் மேல் பளிச்சென்று புது ஆரஞ்சு டார்க் சீல் இருந்தது. இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பக்கத்து உலோகம் வரை இழுக்கும் பெயின்ட் கோடு அது. பின்னால் நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் இங்கே பெயின்ட் எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே பூசப்பட்டிருந்தது. பெரியவர் நகத்தால் சுரண்டியதும் மீன் செதில் மாதிரி உரிந்து வந்தது. அடியில் பழைய மஞ்சள் கோடு. அது ஏற்கெனவே உடைந்து, நட்டில் இருந்த பாதியும் மவுண்ட்டில் இருந்த பாதியும் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகி நின்றன. அதாவது நட்டு நகர்ந்திருக்கிறது என்று மஞ்சள் கோடு சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்கள் ரெஞ்சை எடுக்கவில்லை, அதன் மேல் ஆரஞ்சைப் பூசி மூடிவிட்டார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான். சோம்பேறித்தனமாகப் பார்க்காமல் விட்டிருந்தால்கூட, அந்த உடைந்த கோடாவது என் கண்ணில் பட்டிருக்கும்.

வலது பக்கக் குழாயின் வாயைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. எஃகும் எஃகும் உரசினால் வரும் தூள் அது. விமானத்தைத் தூக்கி, சக்கரத்தில் எடை இல்லாமல் வைத்துக்கொண்டு, நான் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். பெரியவர் தண்டும் குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்திருந்தார். அசைவு விரலுக்குத் தெரிந்தது. டார்க் ரெஞ்சைப் போட்டால், விமானத்தின் கட்டுமான வரைபடமான பிளானில் சொன்ன அளவில் பாதி வருவதற்குள்ளேயே நட்டு திரும்பியது. எக்ஸாஸ்ட் பக்கம் இருந்தது, தானாகத் தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டு, வளையம் வெந்து பழுப்பாகியிருந்தது. 250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் இடத்தில் நைலான் லாக் நட்டு கூடாது, முழு உலோக லாக் நட்டுதான் போட வேண்டும். சாதாரணப் பரிசோதனையிலேயே கண்ணில் பட வேண்டிய விஷயம் இது.

உங்கள் விமானத்தில் இதைப் பார்ப்பதாக இருந்தால் சில விஷயங்கள். டார்க் அளவு முதலில் அந்த விமானத்தின் பிளானில் இருப்பதுதான். பிளானில் இல்லையென்றால் எஃப்ஏஏ-வின் ஏசி 43.13-1பி கையேட்டைப் பாருங்கள். விமானங்களுக்கென்றே வரும் வழக்கமான ஏஎன் வகைப் போல்ட்டுகளுக்கு, கால் அங்குலம் என்றால் 50 முதல் 70 இஞ்ச்-பவுண்டு, 5/16 அங்குலம் என்றால் 100 முதல் 140, 3/8 அங்குலம் என்றால் 160 முதல் 190. இவை எண்ணெய் இல்லாத சுத்தமான மரைக்கான அளவுகள். இஞ்ச்-பவுண்டை ஃபுட்-பவுண்டு என்று எடுத்துக்கொண்டால் 12 மடங்கு இறுக்கிவிடுவீர்கள், போல்ட் அங்கேயே போய்விடும். கார் வீலுக்கு வாங்கிய பெரிய ரெஞ்சும் இவ்வளவு சின்ன அளவுகளில் சரியாகக் காட்டாது.

லாக் நட்டில் இன்னொன்று. அது உட்காருவதற்கு முன்பே, சும்மா திரும்புவதற்கே கொஞ்சம் விசை கேட்கும். அதை ரெஞ்சில் அளந்து, மேலே சொன்ன அளவோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சும்மா திரும்ப 15 ஆகிறது, இறுக்க வேண்டியது 120 என்றால் ரெஞ்சில் 135 வைக்க வேண்டும். முடிந்தவரை போல்ட்டின் தலையைத் திருப்பாமல் நட்டைத்தான் திருப்ப வேண்டும். போல்ட்டின் தலையில் என்ன குறி இருக்கிறது என்றும் பாருங்கள். எஃகு ஏஎன் போல்ட் என்றால் பெருக்கல் குறியோ நட்சத்திரமோ இருக்கும். மூன்று கோடு அல்லது ஆறு கோடு இருந்தால் யாரோ ஹார்ட்வேர் கடைப் போல்ட்டை மாட்டியிருக்கிறார்கள்.

துளை முட்டை வடிவமாகிவிட்டால் வெறுமனே இறுக்கிப் பயனில்லை. பட்டறையில் நேரில் போய்க் கேட்டபோது, கொண்டு வாருங்கள், இறுக்கித் தருகிறோம் என்று மட்டும்தான் சொன்னார்கள். தவறை ஒப்புக்கொள்ளவும் இல்லை, பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் துளையைச் சீராகக் கடையும் ரீமர் என்ற கருவியை ஓட்டிச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் போல்ட்டையும் உலோக லாக் நட்டையும் போட்டார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அதிர்வு நின்றுவிட்டது.

அமெரிக்காவின் போக்குவரத்து விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி 2012-இல் ஹோம்பில்ட் விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2011-இல் அவர்கள் ஆராய்ந்த ஹோம்பில்ட் விபத்துகளில் பாதிக்கு மேல், ஓட்டியவர் தானே கட்டாமல் இன்னொருவரிடம் வாங்கிய விமானங்கள். கட்டியவருக்கு ஒவ்வொரு போல்ட்டும் தெரியும், வாங்கிய நமக்குத் தெரியாது. அதனால் பரிசோதனைக்கு விடும்போதே, கியர் போல்ட் இறுக்கும் நேரத்தில் நானும் இருப்பேன் என்று சொல்லிவிடுங்கள். பழைய டார்க் சீலை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்றும், எந்தப் போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் வைத்தார்கள் என்று எழுதித் தர வேண்டும் என்றும் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் விமானத்தை அங்கே விடாதீர்கள்.

எஃப்ஏஏ-வின் வட்டார அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். உரிந்த சீலின் படங்கள், பில், கழற்றிய போல்ட்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் பரிசோதனைக்கு விடப் போகிறவர்கள் தனியாகக் கேட்டால் படங்களை அனுப்புகிறேன்.