எட்டு இன்ஜெக்டருக்குப் பணம் வாங்கினார்கள், எட்டும் பழசு: ஜெட் படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கிறைஸ்ட்சர்ச் பக்கம் ஜெட் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர்தான். அவர்களுக்காகவும், பழைய படகு ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சென்ற கோடையில் ஒரு பட்டறைக்கு 5,439 டாலர் 50 சென்ட் கட்டினேன். கோளாறு அப்படியே இருந்தது. போதாததற்கு, படகின் அடிப்பக்கத்தில் பெட்ரோல் கசிகிற நிலையில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் படகில் என் மகளை உட்கார வைத்து ஆற்றில் இறக்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. பட்டறையின் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பட்டறையிலும் நீங்கள் உஷாராக இருக்கலாம்.

படகு ஐந்து மீட்டர் அலுமினியம். ஹோல்டன் கொமடோர் காரிலிருந்து எடுத்த 6 லிட்டர் வி8 இன்ஜின், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான காரின் இசியூவோடேயே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இங்கே இது சாதாரணம், பாதிப் படகுகளில் அடிபட்ட காரின் இன்ஜின்தான் இருக்கும். வயரிங் மட்டும் படகுக்கென்று யாரோ கையால் கட்டியது. இன்ஜினுக்குப் பெட்ரோல் தெளிப்பவை இன்ஜெக்டர்கள். என் படகில் 1, 3, 5, 7 சிலிண்டர்களின் இன்ஜெக்டர்களுக்கு ஒரு ஃபியூஸ், 2, 4, 6, 8-க்கு இன்னொரு ஃபியூஸ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

ஜனவரியில் வைமக்கரிரி ஆற்றில் போய்க்கொண்டிருந்தோம். நான், மனைவி, மகள், மச்சான். 3,800 ஆர்பிஎம்மில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று மிஸ்ஸிங் அடித்தது, அடுத்த நொடியில் பாதி சக்தி போய்விட்டது. காரில் இப்படி ஆனால் ஓரங்கட்டி நிறுத்தலாம். ஜெட் படகில் அது முடியாது. சுக்கான் கிடையாது, பிரேக் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் படகையே திருப்புகிறோம். பீய்ச்சல் குறைந்தால் ஸ்டியரிங்கும் போய்விடும். பில் ஹாமில்டன் 1950-களில் இந்த நியூசிலாந்து ஆறுகளுக்காகவே ஜெட் படகை உருவாக்கினார். நாலு விரல் ஆழத்தில்கூடச் சறுக்கிக்கொண்டு போகும், ஆனால் வேகம் குறைந்து படகு தண்ணீரில் அமர்ந்துவிட்டால் அந்த ஆழம் போதாது. நாங்கள் ஒரு கூழாங்கல் திட்டில் போய் உட்கார்ந்தோம். அது திட்டாக இருந்தது அதிர்ஷ்டம். இரண்டு கிலோமீட்டர் மேலே பள்ளத்தாக்குப் பகுதியில் இருந்திருந்தால் பாறைதான்.

அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டால் ஒழுங்காக ஓடியது. மெதுவாகக் கரை சேர்ந்தோம்.

பட்டறையில் ஸ்கேனரை மாட்டினார்கள். வந்த கோளாறுக் கோடுகள் (code) பி0201, பி0203, பி0205, பி0207. திரையை நான் போனில் படம் எடுத்துவைத்தேன், இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. "இன்ஜெக்டர் எல்லாம் போச்சு, அதை ஓட்டுகிற இசியூவும் போச்சு. ரெண்டையும் மாத்தணும்" என்றார் அங்கிருந்தவர். மீட்டர் எதையும் அவர் கையில் எடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் கோடுகளை அழித்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதை இப்போது சொல்கிறேன். பி0201 என்றால் முதல் இன்ஜெக்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. முதல் இன்ஜெக்டரின் சர்க்யூட்டில் ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தம். அந்த சர்க்யூட்டில் ஃபியூஸ் இருக்கிறது, ரிலே இருக்கிறது, ஃபியூஸ் பெட்டியில் வயரைப் பிடிக்கும் பின் (pin) இருக்கிறது, வயர், கனெக்டர், இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில், கடைசியில் இசியூ. இன்ஜெக்டருக்கு ஒரு பக்கம் எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும். இசியூ செய்வதெல்லாம் மறுபக்கத்தை எர்த்துக்கு இழுத்து, மில்லிசெகண்ட் கணக்கில் திறந்து மூடுவதுதான். 12 வோல்ட் வந்து சேராவிட்டாலும் இசியூ அதே கோடைத்தான் காட்டும். எந்த இடத்தில் அறுந்தது என்று அதற்குத் தெரியாது.

என் நான்கு கோடுகளையும் திரும்பப் பாருங்கள். நான்கும் ஒற்றைப்படை. நான்கும் ஒரே ஃபியூஸில் தொங்குபவை. நான்கு இன்ஜெக்டர்கள் ஒரே நொடியில் சேர்ந்து சாகுமா, பத்து நிமிடம் கழித்துச் சேர்ந்து உயிர்த்தெழுமா? நான்குக்கும் பொதுவான ஒன்றைத் தேடுவதுதான் முதல் வேலை. அதற்கு ஐந்து நிமிடமும் ஒரு மல்டிமீட்டரும் போதும்.

மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு பில் கொடுத்தார்கள். இசியூவும் புரோகிராம் செய்ததும் 1,450. புதிய இன்ஜெக்டர் எட்டு, ஒன்று 165 வீதம் 1,320. பதினான்கு மணி நேர வேலை, மணிக்கு 140 வீதம் 1,960. மேலே 15 சதவீத ஜிஎஸ்டி. பழைய பாகங்களைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது" என்றார்கள். ஓட்டிப் பார்த்தீர்களா என்றேன். ஓஸ் பைப்பில் தண்ணீர் கொடுத்து, டிரெய்லரில் வைத்தே ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இந்தப் பதிலை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். டிரெய்லரில் ஜெட்டுக்குத் தள்ளுவதற்குத் தண்ணீர் கிடையாது, அதனால் இன்ஜினுக்குச் சுமையே இல்லை. ஜெட்டின் பேரிங் தண்ணீரில்தான் வழவழப்பாக ஓடும் என்பதால் அங்கே அதிக நேரம் ஓட்டவும் கூடாது, வேகமாக ஓட்டவும் கூடாது. ஐடிலில் சும்மா நிற்கும் இன்ஜினில், அதிர்வில் மட்டும் வரும் கோளாறு எப்படித் தெரியும்? லேப்டாப்பை மாட்டி, ஆற்றிலோ ஏரியிலோ முழுச் சுமையில் ஓட்டி, பதிவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுங்கள். அது கொடுக்க வேண்டிய பணம்.

மார்ச்சில் திரும்ப இறக்கினோம். கிளம்பி இருபது நிமிடத்தில் அதே மிஸ்ஸிங், அதே பாதி சக்தி. இந்த முறை நேரே கரையில் ஏற்றிவிட்டேன். இன்ஜினை அணைத்ததும் மகள்தான் சொன்னாள், "அப்பா, பங்க் மாதிரி வாசனை வருது." மூடியைத் திறந்தால் பெட்ரோல் நெடி முகத்தில் அடித்தது. காரில் கசிந்தால் கீழே தரையில் சொட்டிப் போய்விடும். படகில் போக இடமில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, அடித்தட்டில் குளம்போலத் தேங்கி நிற்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஒரு பொறி போதும். பேட்டரி சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வைத்தேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

ரங்கியோராவில் தன் வீட்டுக் கொட்டகையிலேயே வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் நண்பர் அனுப்பினார். படகை இழுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. கசிவைத் தற்காலிகமாக அடைத்து, அடித்தட்டைத் துடைத்து, புளோயரை நெடுநேரம் ஓடவிட்டு, அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். என் போனில் இருந்த நான்கு கோடுகளைப் பார்த்தார், நேரே ஃபியூஸ் பெட்டிக்குப் போனார். பேட்டரியில் 14.1 வோல்ட். இரட்டைப்படை இன்ஜெக்டர்களின் ஊட்டு வயரில் 13.9. ஒற்றைப்படைப் பக்கம் 11.2. வயர்க் கட்டைக் கையால் லேசாக ஆட்டினார், 8-க்கு விழுந்தது, இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தது. ஃபியூஸ் பெட்டியைத் திருப்பினால் ஒரு பின் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஈரம் ஏறி அரித்த பின். அவ்வளவுதான் கோளாறு. புதிய பின் போட்டு, சூட்டில் சுருங்கும் பசையுள்ள குழாயை (ஹீட் ஷ்ரிங்க்) சுருக்கி மூடினார்.

அப்புறம் கசிவைச் சரிசெய்ய, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ரெயிலைக் கழற்றினோம். அங்கேதான் என் நெஞ்சு அடைத்தது. முந்தைய உரிமையாளர் ஒவ்வொரு இன்ஜெக்டரின் உடம்பிலும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதியிருந்தார். வாங்கியபோது நான் எடுத்த படத்திலும் அது இருக்கிறது. அதே மஞ்சள் எண்கள், எட்டிலும். 3 இருக்க வேண்டிய இடத்தில் 5, 5 இருக்க வேண்டிய இடத்தில் 3. வெளியே எடுத்துத் துடைத்து, கசியாமல் அடைக்கும் பழைய ரப்பர் வளையத்தோடேயே (ஓரிங்) திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு ஓரிங் மடிந்து நசுங்கியிருந்தது. பெட்ரோல் வந்தது அந்த வழியாகத்தான். ரெயிலில் சுமார் 58 பிஎஸ்ஐ அழுத்தம் நிற்கும், நசுங்கிய ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

எட்டையும் மீட்டரில் வைத்துப் பார்த்தார். இந்த வகை இன்ஜெக்டருக்கு 12-இலிருந்து 16 ஓம்ஸுக்குள் இருக்க வேண்டும், எட்டும் அதற்குள்தான், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமும் இல்லை. ஒரு இன்ஜெக்டர்மேல் சந்தேகம் இருந்தால் அதைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். கோளாறும் கூடவே நகர்ந்தால் இன்ஜெக்டர்தான். பழைய சிலிண்டரிலேயே நின்றால் வயர் அல்லது இசியூ. காசு செலவில்லாத சோதனை இது. கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். இசியூவைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும், ஊட்டு வோல்ட், எர்த், கனெக்டர் எல்லாம் சரி என்று எண்ணில் காட்டிய பிறகு.

அவர் வாங்கியது புதிய ஓரிங்குகளோடு சேர்த்து 310 டாலர்.

பில், படங்கள், பெரியவர் எழுதிக்கொடுத்த அளவுகள் எல்லாவற்றையும் வைத்துப் பட்டறைக்குக் கடிதம் எழுதினேன். இங்கே 1993-ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்கிறது. போடாத பாகத்துக்குப் பணம் வாங்கியது 1986-ஆம் ஆண்டின் நியாய வர்த்தகச் சட்டத்தில் வரும். பதில் இல்லை. சிறு வழக்குகளைத் தீர்க்கும் டிஸ்பியூட்ஸ் டிரிபியூனலில் மனு போட்டேன். அங்கே வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம், ஆதாரம் கையில் இருந்தால் போதும். விசாரணைத் தேதிக்கு முன்பே பட்டறை இன்ஜெக்டர் பணத்தையும், மாட்டியதற்கான கூலியையும், பெரியவரின் 310 டாலரையும் திருப்பிக் கொடுத்தது. இசியூ பணம் திரும்பவில்லை. பழைய இசியூ என் கையில் இல்லாததால் அது நன்றாகத்தான் இருந்தது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. வேலையைக் கொடுக்கும் முன்பே, கழற்றும் எல்லாப் பாகமும் எனக்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதுவும் வந்திருக்கும்.

உங்களில் யாருக்காவது இப்போது இசியூவும் இன்ஜெக்டரும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்திருந்தால், சரி என்று சொல்லாதீர்கள். கோடுகளின் படத்தையும், உங்கள் ஃபியூஸ் பெட்டியின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். நான் மெக்கானிக் இல்லை, ஆனால் சேர்ந்து பார்ப்போம். ரங்கியோராப் பெரியவரிடமும் கேட்டுச் சொல்கிறேன், அவர் சம்மதித்திருக்கிறார்.