டிகிரியா, டிப்ளமோவா: கோபி அண்ணனுக்குச் சொன்ன கணக்கு

"பையன் கம்ப்யூட்டர்லயே படம் போடறானுங்க. வெளிநாட்டுல சினிமா கிராபிக்ஸ், அதானுங்க வி.எஃப்.எக்ஸ், வேலைக்குப் போகோணுங்கறான். மூணு வருசக் காலேஜ் எதுக்குங்க, ஒரு வருச டிப்ளமோ பத்தாதுங்களா?" போன வாரம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு அண்ணன் போனில் கேட்டார்.

வேலை மட்டும்தான் பேச்சென்றால் என் ஓட்டு டிப்ளமோவுக்கே. வான்கூவரோ லண்டனோ, ஸ்டூடியோவில் ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது ஷோரீலைத்தான், அதாவது நாம் செய்த ஷாட்களைக் கோத்த சின்ன வீடியோவை. கோவையில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன், பிளஸ் டூவும் டிப்ளமோவும்தான். பொள்ளாச்சித் தோப்பில் நல்ல காற்றில் எடுத்த ஷாட்டில் கீற்று கீற்றாக ரோட்டோ போட்டு (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓரத்தை வரைந்து பிரித்தெடுத்து), பின்னால் வேறு வானத்தை வைத்திருந்தான். ஓலை நுனியில் பழைய வானத்தின் வெள்ளைக் கோடு எங்குமே தெரியாது. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) டிகிரி முடித்தவர்களில் பாதிப்பேர் அந்த ஷாட்டைத் தொடவே பயந்தார்கள்.

ஆனால் விசா ஆபீசில் ஓலை நுனியை யார் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவின் எச்1பி வேலை விசாவுக்கு அந்த ஊர் 4 வருட டிகிரி அல்லது அதற்கு ஈடு வேண்டும். 3 வருட அனுபவம் 1 வருடப் படிப்புக்குச் சமம் என்பது கணக்கு. நம்மூர் 3 வருட பி.எஸ்சி இருந்தால் மேற்கொண்டு 3 வருட வேலை போதும். டிகிரியே இல்லையென்றால் 12 வருடம். தம்பி வேலைக்கு வந்து இப்போதுதான் 5 வருடம் ஆகிறது. (2025 செப்டம்பரில் புது விண்ணப்பங்களுக்கு அறிவித்த 1 லட்சம் டாலர் கட்டணத்தைக் கட்டி எந்த ஸ்டூடியோ கூப்பிடும் என்பது தனிக்கதை.) தனித்திறமை உள்ளவர்களுக்கான ஓ-1 விசாவில் டிகிரி கேட்கமாட்டார்கள், பதிலுக்கு விருது, பத்திரிகைச் செய்தி என்று பெயர் வாங்கியிருக்க வேண்டும்.

கனடாவில் குடியேற ஆளுக்குப் புள்ளி போட்டு எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனியாளாக விண்ணப்பித்தால், இளநிலைப் பட்டத்துக்கு 120 புள்ளி, ஒரு வருட டிப்ளமோவுக்கு 90. டிப்ளமோ அங்கே செல்லாது என்றாகிவிட்டால் பிளஸ் டூவுக்குரிய 30 மட்டுமே. சிங்கப்பூர் வேலை விசாவிலும் டிகிரிக்குப் புள்ளி உண்டு. பிரிட்டன் பரவாயில்லை: வேலை பட்டதாரித் தரத்தில் இருக்க வேண்டும், ஆள் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.

அதனால் அண்ணனிடம், "பக்கத்துலயே செலவு கம்மியான காலேஜ்ல ஒரு டிகிரி போட்டுருங்க. பிளெண்டர்னு ஒரு கிராபிக்ஸ் சாஃப்ட்வேர் இலவசம்தானுங்க, சாயங்காலம் வீட்டுல பழகட்டும். அந்தத் தென்னை ஷாட் மாதிரி நாலு பண்ணட்டும்" என்றேன்.

"தோப்பு நம்முளுதே இருக்குதுங்க" என்றார்.