லிட்டர் கணக்கைப் பார்த்துப் படகுக்கு ஈரம்நீக்கி வாங்கலாமா?

இங்கிலாந்தின் தென்கரையில், ஹேம்பிள் ஆற்றின் மிதவைத்துறையில், நவம்பரில் கட்டிவிட்டு மார்ச்சில்தான் மீண்டும் அவிழ்க்கும் 28 அடிப் பாய்மரப் படகொன்றில் எனக்கு நாலில் ஒரு பங்கு உண்டு. முதல் குளிர்காலம் கழிந்து உள்ளே இறங்கியபோது, முன்புறப் படுக்கையின் மெத்தைக்கு அடியில் கறுப்புப் பூசணம் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது; அலுமினிய ஜன்னல் சட்டத்தின் கீழோரத்தில் தண்ணீர் கோடு போட்டாற்போல் தேங்கி நின்றது. மழை ஒரு சொட்டும் ஒழுகியிருக்கவில்லை. அத்தனையும் காற்றிலிருந்து வந்த ஈரம்தான்.

காற்று எவ்வளவு ஈரத்தைச் சுமக்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கனமீட்டர் காற்று 20 டிகிரியில் 17 கிராம் நீராவி வரை தாங்கும். 5 டிகிரியில் 7 கிராமைத் தாங்குவதே கடினம். ஆகவே பகலில் சற்றே சூடேறிய அறைக்காற்று, இரவில் குளிர்ந்த ஃபைபர்கிளாஸ் சுவரைத் தொட்டதும் தன் மிகைச் சுமையை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூசணம் பிடிக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மரப்பலகைகள் சுருங்கி, மேலே ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடு விடுபடத் தொடங்கும். 50க்கும் 60க்கும் இடையில் வைத்திருப்பதே நோக்கம். 20 கனமீட்டர் கொள்ளும் ஓர் அறையின் குளிர்காலக் காற்றில் மொத்தமாக இருப்பது ஒரு டம்ளர் தண்ணீருக்கும் குறைவு. முதல் வாரத்தில் ஈரம்நீக்கிப் பொறியின் தொட்டி மளமளவென்று நிரம்புகிறதென்றால், அந்தத் தண்ணீர் மெத்தையும் கயிறும் மரமும் மாதக்கணக்கில் குடித்துவைத்தது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

சந்தையில் முக்கியமாக இரண்டு வகை ஈரம்நீக்கிகள் உள்ளன. ஒன்று கம்ப்ரசர் வகை. குளிர்சாதனப் பெட்டியின் தம்பி. குளிரூட்டிய குழாய்ச்சுருள் மீது காற்றைச் செலுத்த, ஈரம் அதில் படிந்து சொட்டும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள அறையில் நீராவி 26 டிகிரியிலேயே நீராக மாறத் தொடங்கிவிடுவதால், சுருள் 10 டிகிரியில் இருந்தாலே போதும், தண்ணீர் கொட்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் "நாளொன்றுக்கு 12 லிட்டர்" என்பது பெரும்பாலும் இத்தகைய அறையில் அளந்த எண். அதே 80 சதவீத ஈரம், ஆனால் 8 டிகிரிக் குளிர் என்றால், நீராவி நீராக மாறும் புள்ளி 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சுருள் அதற்கும் கீழே, உறைநிலையை ஒட்டிப் போயாக வேண்டும். படிந்த ஈரம் பனிக்கட்டியாகிறது. பனியை உருக்குவதற்காகப் பொறி தன் வேலையை அடிக்கடி நிறுத்திக்கொள்கிறது. ஓடுகிற சத்தம் கேட்கும், தொட்டியில் தண்ணீர் சேராது.

மற்றது உறிஞ்சி வகை. ஜியோலைட் என்னும் ஈரம் உறிஞ்சும் கனிமம் பூசிய, தேன்கூடு போன்ற சக்கரமொன்று மெதுவாகச் சுழல்கிறது. அதன் ஒரு பகுதி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்போதே, இன்னொரு பகுதியைச் சூடான காற்று உலர்த்துகிறது. அப்படி வெளியேறும் நீராவியே தனி அறையில் குளிர்ந்து தொட்டிக்குள் இறங்குகிறது. எதையும் அறையின் குளிருக்கும் கீழே குளிரூட்ட வேண்டிய கட்டாயம் இதில் இல்லாததால், உறைநிலைக்குச் சற்று மேல் வரை இதன் திறன் பெரிதாகக் குறைவதில்லை. கம்ப்ரசரும் குளிர்வாயுவும் இல்லாததால் எடை சுமார் 6 கிலோதான். ஏணியில் ஒரு கையில் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம்.

குறை மின்செலவில் இருக்கிறது. சிறிய கம்ப்ரசர் பொறி 200 வாட்டுக்கு முன்பின்னாக இழுக்கும். உறிஞ்சிப் பொறி தாழ்ந்த நிலையிலேயே 300 வாட்டைத் தாண்டும், உயர்ந்த நிலையில் அதைப் போல் இருமடங்கு. இதை வைத்துக் கம்ப்ரசரே சிக்கனம் என்று தீர்ப்புச் சொல்பவர்கள், அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாக அறைக்குள்ளேயே தங்குகிறது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தவிர, நீராவி ஒவ்வொரு லிட்டர் நீராகும்போதும் ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பம் வெளிப்படுகிறது. குளிர்காலப் படகில் இது வீண்செலவு அன்று, தனியாக ஒரு ஹீட்டர் வைக்க வேண்டிய தேவையையே குறைக்கும் வரவு. சிங்கப்பூர் போன்ற இடத்தில் நிறுத்திய படகென்றால் உறிஞ்சி வகையே மேல் என்ற என் தீர்ப்பு அப்படியே தலைகீழாகும்: அங்கே கம்ப்ரசர் பொறிதான் தன் முழுத்திறனில் ஓடும், உறிஞ்சிப் பொறியோ ஏற்கெனவே புழுங்குகிற அறையை மேலும் வேகவைக்கும்.

உறிஞ்சி முறையின் எல்லையைக் காண விரும்புவோர் பிரிஸ்டல் நகருக்குச் செல்லலாம். 1843இல் வெள்ளோட்டம் விட்ட எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்னும் இரும்புக் கப்பல், தான் கட்டப்பட்ட உலர்துறையிலேயே இன்று நிற்கிறது. உலோகத்தில் ஊறிய உப்பு மேலும் அரிக்காதிருக்க, நீர்மட்டத்தில் கண்ணாடித் தளம் அமைத்து, அதன் கீழே ஈரப்பதத்தை 20 சதவீதத்தில் 2005 முதல் பிடித்துவைத்திருக்கிறார்கள். இரும்புக்கு மருந்தான அந்த வறட்சி நம் மர அலமாரிகளுக்கு நஞ்சு. எனவே ஈரப்பதக் கட்டுப்பாட்டு விசை இல்லாத பொறியை எந்த வகையிலும் வாங்கக் கூடாது.

எங்கள் இரண்டாவது குளிர்காலம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. பங்காளி ஒருவர் வீட்டில் சும்மாக் கிடந்த கம்ப்ரசர் பொறியைக் கொண்டுவந்து வைத்தார். டிசம்பரில் ஒரு நாள் துறையின் மின்னிணைப்பு அறுந்து மீண்டும் வந்திருக்கிறது. தொடுவிசை கொண்ட அந்தப் பொறி, மின்சாரம் திரும்பியதும் யாராவது வந்து தொடட்டும் என்று பிப்ரவரி வரை காத்திருந்தது. மின்தடைக்குப் பின் தானாக ஓடத் தொடங்குமா என்பதை, ஆளில்லாப் படகுக்கு வாங்குபவர் லிட்டர் கணக்குக்கும் முன்னால் விசாரிக்க வேண்டும். தொட்டி நிரம்பினால் பொறி நின்றுவிடும் என்பதால் வடிகுழாயைச் சமையல் தொட்டிக்குள், அதாவது பாத்திரம் கழுவும் தொட்டிக்குள், விடுவது வழக்கம். அப்போது அந்தத் தொட்டியின் தண்ணீரைப் படகுக்கு வெளியே விடும் கடல் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்கென்று எல்லா வால்வுகளையும் மூடிவிட்டு, ஈரம்நீக்கியின் தண்ணீராலேயே தரையை நனைத்தவர்கள் நாங்கள்.

கரை மின்சாரமே இல்லாத இடத்தில் இரண்டு வகையும் உதவா. 330 வாட் பொறியை 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வழியே ஓட்டினால் 30 ஆம்பியர் போகும். 100 ஆம்பியர்மணிப் பேட்டரியில் பாதி இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அங்கே மிஞ்சுவது, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் உப்பான கால்சியம் குளோரைடு நிரப்பிய டப்பாதான். மூடிய அலமாரி ஒன்றுக்கு அது போதும், முழுப் படகுக்கு எட்டாது. அதில் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் அலுமினியத்தைத் தின்றுவிடும். வெறும் ஹீட்டர் ஈரத்தை அகற்றுவதில்லை, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த மூலைக்கு இடம் மாற்றுகிறது.

படகிலேயே குடியிருப்பவர் கதை வேறு. இருவர் ஓர் இரவு உறங்கினால் மூச்சாலும் வியர்வையாலும் மட்டுமே அரை லிட்டருக்குக் குறையாமல் ஈரம் சேரும். ஒரு கிலோ எரிவாயுவில் சமைத்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி எழும். அறையை எப்போதும் 18 டிகிரியில் வைத்திருக்கும் இவர்களுக்குக் கம்ப்ரசர் பொறி நன்றாகவே உழைக்கும், மின்கட்டணமும் குறையும். ஆனால் ஈரம்நீக்கி ஓடும்போது காற்றுத் துளைகளை அடைக்க வேண்டும் என்ற அறிவுரை ஆளில்லாப் படகுக்கு மட்டுமே உரியது. அடுப்பெரியும் அறையில் அதைக் கடைப்பிடித்தால், கார்பன் மோனாக்சைடை எந்தச் சக்கரமும் எந்தச் சுருளும் உறிஞ்சித் தராது.

இப்போது எங்கள் படகில், சமையல் தொட்டியின் அருகில், சுழல் குமிழ் விசை கொண்ட உறிஞ்சிப் பொறி ஒன்று 55 சதவீதத்தில் நிற்கிறது. மெத்தைகளைச் சுவரிலிருந்து விலக்கி நிமிர்த்திவைக்கிறோம். அலமாரிக் கதவுகளைத் திறந்தே விடுகிறோம், ஏனெனில் உலர்ந்த காற்று மூடிய கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போவதில்லை.