பத்து நிமிட அறுவை சிகிச்சை என்று நம்பி 38,000 ரூபாய் கட்டினோம்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. அதற்கு மேல் அடையாளம் சொல்லவில்லை.

அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்து எங்களை வளர்த்தவர். வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரம் தீராத வலி. 'டி குவெர்வேன்' என்றார் மருத்துவர். கட்டைவிரல் தசைநாண்கள் செல்லும் உறை இறுகிவிட்டதாம், கீறிவிட்டால் தீருமாம். விரல் அசையாமல் பட்டை கட்டிப் பார்க்கலாம், ஸ்டீராய்டு ஊசி போடலாம், பலருக்கு அதிலேயே குணமாகிவிடும் என்பதையெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை. அம்மாவின் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "பத்து நிமிட வேலைதான் அம்மா, சீக்கிரமே மீன் கழுவலாம்" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அங்கேதான் விழுந்தோம். வளையலை அடகு வைத்து 38,000 ரூபாய் கட்டினேன்.

தையல் பிரித்த பிறகும் கட்டைவிரலின் புறப்பக்கம் மரத்தே கிடக்கிறது. தழும்பில் சேலை உரசினாலே மின்சாரம் பாய்ந்ததுபோல் துள்ளுகிறார். கேட்கப் போனால், "வீக்கம் வடிந்தால் சரியாகும்." அடுத்த முறை வைட்டமின் மாத்திரை. அதற்கடுத்து, "சர்க்கரை இருக்கும்." பரிசோதித்தார்கள், இல்லை, அதற்கும் தனிக் கட்டணம்! கடைசியில் வரவேற்பில் இருந்த பெண், "டாக்டர் திருவனந்தபுரம் போயிருக்கிறார், அக்கா" என்றாள். அவருடைய கார் வாசலில் நிற்கிறது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். அங்கிருந்த மருத்துவர் தழும்பை மெல்லத் தட்டியதும் அம்மா அலறிவிட்டார். அந்த இடத்தில், கட்டைவிரலின் புறப்பக்கத்துக்கு உணர்வு தரும் ஆர நரம்பின் கிளை ஒன்று தோலுக்கு அடியிலேயே ஓடுகிறதாம். அறுவையில் அது அடிபடலாம், தழும்பில் சிக்கலாம். எல்லா மருத்துவர்களும் அறிந்த அபாயம்தான் என்றார். அறிந்ததை எங்களிடம் ஏன் சொல்லவில்லை? சிக்கல் வருவது வேறு, மறைப்பது வேறு. மேலாளரோ, "ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே" என்று தாளை நீட்டுகிறார். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். பச்சை அங்கி மாட்டி, தியேட்டர் வாசலில் நிறுத்திவைத்து அம்மாவிடம் வாங்கிய கையெழுத்து அது.

அறிவுரை நிறைய எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. கத்திக்கு முன் ஊசி உண்டா என்று கேளுங்கள். பக்கத்தில் எந்த நரம்பு ஓடுகிறது என்று கேளுங்கள். படிவத்தை முந்தைய நாளே வாங்கித் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ரசீதுகளை எறியாதீர்கள், நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டுதான் அவகாசம். சிகிச்சைப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தோம். இன்று சனி. கணினி பழுதாம். 38,000 ரூபாய்க்கு ரசீது அடித்தபோது நன்றாகத்தான் ஓடியது.