ஒரே கம்பெனி என்பதால் ஜோடி சேர்ந்துவிடாது: பழைய சர்வோ வாங்குகிறவர்கள் கவனிக்க

வீட்டிலேயே சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி பலகை வெட்டும் மெஷின்) கட்டுவதற்காகத் தொழிற்சாலையில் கழற்றிய பழைய சர்வோ மோட்டார் (தன் நிலையை அளந்து திருப்பிச் சொல்லும் வகை) தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். "மூணு மோட்டார், மூணு டிரைவ், எல்லாம் ஜோடி, ஓடிட்டு இருந்ததைக் கழட்டினது" என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்றார். (டிரைவ் என்பது மோட்டாருக்குக் கரண்ட் விட்டு அதை ஓட்டும் பெட்டி.) அதனால் எனக்கு ஆறு மாதம் போனது, ஒரு மோட்டார் வீணானது, என் நண்பரின் கை மயிரிழையில் நசுங்காமல் தப்பியது.

மோட்டார்களில் குறை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றும் மிட்சுபிஷி எச்எஃப்-கேபி43. 400 வாட், 3000 ஆர்பிஎம்மில் 1.3 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). அதுவரை ஸ்டெப்பர் (படிப்படியாக நகரும், நகர்ந்ததா என்று திருப்பிச் சொல்லாத மோட்டார்) வைத்துப் பார்த்து, வேகம் கூடினால் டார்க் விழுந்து ஸ்டெப் தவறி, பாதி வெட்டிய பலகைகளைத் தூக்கிப்போட்டு நொந்துபோயிருந்த எனக்கு இவை பெரிய வரமாகத் தெரிந்தன. இந்த மோட்டாருக்கு எம்ஆர்-ஜே3-40ஏ டிரைவ் வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டுதான் கேட்டேன். என் கம்ப்யூட்டர் அனுப்புவது பல்ஸ் (ஒரு துடிப்புக்கு ஒரு சிறு நகர்வு), திசை என்ற இரண்டு சிக்னல்தான். "டிரைவ் 40ஏ தானே? பல்ஸ், டைரக்‌ஷன் சிக்னல் கொடுத்தால் ஓடுமா?" வந்த பதில்: "அதேதான் சார். ஒரே கம்பெனி, ஒரே வாட். கண்ணை மூடிட்டு மாட்டுங்க." அனுப்பிய படத்தில் டிரைவின் முன்பக்கம் மட்டும் இருந்தது. லேபிள் ஒட்டிய பக்கம் நிழலில் இருந்தது. நான் திரும்பக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் லேபிளில் எம்ஆர்-ஜே3-40பி.

ஒரு எழுத்துதானே என்று தோன்றும். ஆனால் அந்த எழுத்தில்தான் எல்லாமே இருக்கிறது. 'ஏ' என்றால் பல்ஸ் அல்லது அனலாக் சிக்னல் வாங்கிக்கொள்ளும், நம் ரூட்டருக்குத் தேவையானது அதுதான். 'பி' என்றால் எஸ்எஸ்சிநெட் 3 என்ற ஃபைபர் கேபிள் வழியாக அதே கம்பெனியின் மோஷன் கன்ட்ரோலர் சொல்வதை மட்டும் கேட்கும், பல்ஸ் கொடுக்க அதில் இடமே கிடையாது. நம்பிக்கை விடாமல் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். மூன்று இலக்கம் உள்ள சின்ன டிஸ்பிளேயில் 'ஏபி' என்று வந்து அப்படியே நின்றது. கன்ட்ரோலர் பேசுவதற்காகக் காத்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கன்ட்ரோலர் என்னிடம் இல்லை, ரூட்டர் கட்டுகிற யாரிடமும் இருக்கப்போவதில்லை. மோட்டாருக்கும் டிரைவுக்கும் பொருத்தம் சரி, அதை மறுக்கவில்லை. டிரைவுக்கும் என் கம்ப்யூட்டருக்கும்தான் ஒட்டே இல்லை. என்ன வேலைக்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டவனிடம் தெரிந்தே தள்ளிவிட்டார்.

(இன்னொன்று. ஒரு மோட்டாரின் ஷாஃப்ட் கையால் அசையவே இல்லை, பேரிங் போய்விட்டது என்று பயந்தேன். நேம் பிளேட்டில் கேபி43பி என்று இருந்தது. மோட்டார் பெயரில் வரும் 'பி' பிரேக்கைக் குறிக்கும். 24 வோல்ட் டிசி கொடுத்ததும் 'டக்' என்று விட்டது. அதை மேலும் கீழும் போகும் இசட் அச்சுக்கு வைத்துக்கொண்டேன். இதைக்கூட அவர் சொல்லவில்லை.)

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பத்து நாள் பதில் இல்லை. அப்புறம், "சார், யுனிவர்சல் டிரைவ் தர்றேன், எந்த மோட்டாரும் ஓடும், வித்தியாசத் தொகை மட்டும் கொடுங்க" என்றார். கொடுத்தேன். என் கோபம் எல்லாம் இதற்கு மேல் நடந்ததில்தான்.

யுனிவர்சல் என்று எழுதியிருந்த அந்த டிரைவ் படிப்பது சாதாரண இன்கிரிமென்டல் என்கோடரை (என்கோடர் என்பது மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் சென்சார்), அதாவது சுற்றை எண்ணும் ஏ, பி, இசட் பல்ஸோடு ரோட்டர் நிற்கும் நிலையைச் சொல்லும் யு, வி, டபிள்யூ சிக்னலும் வருகிற வகையை. இந்த மோட்டாரில் இருப்பதோ 18 பிட் சீரியல் என்கோடர், ஒரு சுற்றுக்கு 2,62,144 எண்ணிக்கை, அந்தக் கம்பெனிக்கே உரிய முறையில் டேட்டாவாக அனுப்பும். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. இதைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் தயங்காமல், "பின்மூடியைக் கழட்டி அந்த என்கோடரை எடுத்துட்டு, நான் தர்ற 2500 லைன் என்கோடரை மாட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி மார்க்கர்ல கோடு போட்டுக்கங்க, அவ்வளவுதான்" என்றார்.

தயவுசெய்து இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஏசி சர்வோ மோட்டாரில் காந்தம் இருப்பது ரோட்டரில், அதாவது சுழலும் பாகத்தில். அந்தக் காந்தம் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவுக்குத் தெரிந்தால்தான் எந்தக் காயிலில் எவ்வளவு கரண்ட் விடுவது என்று அது முடிவு செய்ய முடியும். அந்தக் கோணத்துக்கு ஏற்றபடி என்கோடரைத் தொழிற்சாலையிலேயே நிறுத்தி முடுக்கியிருப்பார்கள். அதைக் கழற்றிய நிமிடமே அந்தக் கணக்கு போய்விடும். பழைய என்கோடருக்குப் போட்ட கோடு புது என்கோடருக்கு எதையும் சொல்லாது. முறைப்படி செய்வதென்றால் இரண்டு ஃபேஸுக்கு நடுவே குறைந்த டிசி கரண்ட் விட்டு ரோட்டரைத் தெரிந்த ஒரு கோணத்தில் பிடித்து நிறுத்தி, என்கோடரைத் திருப்பித் திருப்பி யு சிக்னல் மாறும் இடத்தில் முடுக்க வேண்டும். மோட்டாரின் துருவ எண்ணிக்கையும் புது என்கோடரின் யு, வி, டபிள்யூ எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

கோணம் மின்கணக்கில் (ஒரு ஜோடி காந்தத் துருவத்தை 360 டிகிரியாக எடுக்கும் கணக்கு) 90 டிகிரிக்கு மேல் தப்பினால் விசை தலைகீழாகிவிடும். அசையாமல் பிடி என்று டிரைவ் தள்ளுவது மோட்டாரை எதிர்ப்பக்கம் ஓடவிடும், அது ஓட ஓட டிரைவ் இன்னும் பலமாகத் தள்ளும். எக்ஸ் அச்சில் அதுதான் நடந்தது. எனேபிள் (மோட்டார் இயங்க அனுமதி) கொடுத்த நொடியில் உறுமிக்கொண்டு பாய்ந்தது. கேன்ட்ரியை (வெட்டும் தலையைத் தாங்கி நகரும் பாலம்) நகர்த்தும் என் பால் ஸ்க்ரூ 10 மில்லிமீட்டர் லீட், அதாவது ஒரு சுற்றுக்கு அவ்வளவு நகர்த்தும், 3000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு அரை மீட்டர். கேன்ட்ரி போகக்கூடிய தூரமே 600 மில்லிமீட்டர். எமர்ஜென்சி சுவிட்சில் கை வைத்தபடிதான் நின்றேன், அப்படியும் அழுத்துவதற்குள் முட்டி முடிந்திருந்தது. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்குக்குள் இருந்த சிவப்பு ரப்பர் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது, பேரிங் பிளாக் விரிசல் விட்டிருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்த நண்பரின் கைக்கும் கேன்ட்ரி நின்ற இடத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அன்றைக்கு அதற்கு மேல் மெஷினைத் தொட மனம் வரவில்லை.

வாங்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மோட்டார், டிரைவ் இரண்டின் நேம் பிளேட்டும் ஒவ்வொரு எழுத்தும் படிக்கிற மாதிரி படம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த ஆளோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். ஜே3 வரிசையில் லேபிள் தெரியாவிட்டாலும் டிஸ்பிளேயைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 'ஏ' வகையில் ஐந்து இலக்கமும் பட்டன்களும் இருக்கும், 'பி' வகையில் மூன்று இலக்கம்தான். கடைசி எண்ணையும் விடாதீர்கள். 40ஏ-வுக்குப் பின்னால் 1 இருந்தால் 100 வோல்ட் வகை, 60ஏ4 மாதிரி 4 வந்தால் 400 வோல்ட் வகை. யாஸ்காவா என்ற இன்னொரு கம்பெனியின் சிக்மா 5 டிரைவ்களிலும் இதே கதைதான்: 01ஏ என்று முடிந்தால் பல்ஸ் வாங்கும், 11ஏ, 21ஏ என்றால் மெகட்ரோலிங்க், அதுவும் கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்கும் வகைதான். என்கோடர் கேபிளும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள், எனக்கு மூன்றையும் கனெக்டர் ஓரத்தில் வெட்டி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்கு வரப்போகிற அதே மோட்டாரை அதே டிரைவில் மாட்டி ஓட்டும் வீடியோ கேளுங்கள். 'ஏ' வகை டிரைவில் அதன் பட்டன்களாலேயே ஜாக் (பட்டனை அழுத்தி ஓட்டிப் பார்ப்பது) ஓட்டிக் காட்டலாம், தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

மோட்டார் வேறு, டிரைவ் வேறு என்று வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், சாதாரண இன்கிரிமென்டல் என்கோடர் உள்ள மோட்டாரைத் தேடுங்கள். சீரியல் என்கோடர் மோட்டாருக்கு அதன் சொந்த டிரைவ் கிடைத்தால் மட்டும் கை வையுங்கள்.

இப்போது 40ஏ டிரைவ் இரண்டை வேறொருவரிடம் வாங்கி ஒய், இசட் இரண்டையும் ஓட்டிவிட்டேன், அவர் கேட்காமலே ஓட்டிக்காட்டி வீடியோ அனுப்பினார். எக்ஸ் அச்சுக்கு இன்னும் மோட்டார் தேடிக்கொண்டிருக்கிறேன். முதலில் விற்றவர் நான் அனுப்பிய பேரிங் பிளாக் படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க சரியா மாட்டலை சார்" என்று ஒரு வரி எழுதினார். அதற்குப் பிறகு எந்தப் பதிலும் இல்லை. லேபிள் நிழலில் இருக்கும் அதே படத்தோடு அதே டிரைவ்கள் இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன.