ஜூலியின் முழங்கால் ஆபரேஷன்: நான்கு வருடத்துக்குப் பிறகு

எங்கள் லாப்ரடார் ஜூலிக்கு வலது பின்னங்காலில் முழங்கால் ஜவ்வு அறுந்து, எலும்பை அறுத்துத் திருப்பி வைக்கும் டிபிஎல்ஓ என்ற ஆபரேஷன் செய்து நான்கு வருடம் ஆகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்சீட்டில் காலை ஊன்றி நிற்கிறாள். மேலே காபித் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்குகிறாள். ஆனாலும் "பழையபடி ஆயிடுச்சா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல மாட்டேன்.

நாய்களுக்கு இந்த ஜவ்வு, கால்பந்து வீரர்களுக்கு அறுவது போல ஒரே அடியில் அறுவது குறைவு. மாதக்கணக்கில் நைந்து, கடைசியில் ஒரு சின்னத் துள்ளலில் போய்விடும். அதனால்தான் ஒரு கால் போன நாய்களில் ஏறத்தாழப் பாதிக்கு மறுகாலும் பின்னாலேயே போகிறது. ஜூலி உட்காரும்போது இடது காலைப் பக்கவாட்டில் நீட்டினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டிபிஎல்ஓவில் அறுந்த ஜவ்வைத் தைப்பதில்லை. கீழ்க்கால் எலும்பின் மேல்பரப்பு நாய்களுக்குப் பின்பக்கமாகச் சரிந்திருக்கும், சுமார் 25 டிகிரி. எடை விழும்போதெல்லாம் அந்த எலும்பு முன்னால் வழுக்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பதுதான் ஜவ்வின் வேலை. எலும்பை வளைவாக அறுத்து, சுழற்றி, சரிவை 5 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து தகடு வைத்து ஸ்க்ரூ போட்டுவிட்டால் ஜவ்வு இல்லாமலே கால் நிற்கும். சின்ன நாய்களுக்கு மூட்டுக்கு வெளியே நைலான் இழை கட்டுவதும் உண்டு. ஜூலி அப்போது 36 கிலோ, அதனால் எங்களுக்கு அது சரிவரவில்லை.

அறுத்த எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம். அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கயிறும் கூண்டும்தான்.

ஆபரேஷன் செய்தாலும் மூட்டுத் தேய்மானம் நிற்பதில்லை. எக்ஸ்ரேயில் அது கூடிக்கொண்டேதான் வருகிறது. வேகத்தைக் குறைக்க நம் கையில் இருப்பது முதலில் எடை. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலிக்கு மருந்தும் தாமதமாகத்தான் தேவைப்பட்டது. ஜூலியை 29 கிலோவுக்கு இறக்கினோம். மருந்தை விட இதுதான் வேலை செய்தது என்பது என் கணிப்பு. பெரிய எதிரி தட்டுவடை செட். தெருவில் யார் வாங்கினாலும் இவளுக்கு ஒரு பங்கு போய்விடும், அதை நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது தரை. டைல்ஸில் பின்னங்கால் வழுக்காமல் இருக்க நடக்கும் வழியெல்லாம் ரப்பர் மேட் போட்டிருக்கிறோம். வீடு பார்க்க நன்றாக இல்லைதான்.

மார்கழியில் ஏற்காட்டில் தங்கினால் காலையில் கால் விறைத்துக்கொள்ளும், கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். ரொம்ப முடியாத நாட்களுக்கு மட்டும் டாக்டர் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதித் தந்திருக்கிறார். சாப்பாட்டோடுதான் தர வேண்டும், இடையிடையே சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் புரூஃபெனை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

இடது காலும் போனால் திரும்பச் செய்வோமா என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஜூலிக்குப் பத்து வயது. நான் செய்யலாம் என்கிறேன், மனைவி இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கிறதென்று முதலில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.