வெளுத்ததெல்லாம் டின் இல்ல: ஹாசிலா, இமர்சன் டின்னா, மேட்டா, பிரைட்டா?

சர்க்யூட் போர்டு ஆர்டர் பண்றப்ப ஃபினிஷ் (பாகங்கள ஒட்டற காப்பர் பேட் மேல பூசற பூச்சு) என்ன வேணும்னு கேக்கற எடத்துல எது விலை கம்மியோ அத டிக் பண்ணிட்டு போற ஆளுதான் நானும், இமர்சன் டின் (கரைசல்ல முக்கி மெல்லிசா டின் படிய வச்ச) போர்டு ஒரு லாட் கவர் பிரிச்ச நெலைல அலமாரில மாசக்கணக்குல கெடந்து, அத எடுத்து லைன்ல ஓட்டுனப்பதான் புத்தி வந்துச்சு. முதல் சைடு ரீஃப்ளோ, அதாவது சோல்டர் பேஸ்ட் பூசி ஓவன்ல உருக்கி பாகங்கள ஒட்டறது, நல்லாவே போச்சு. ரெண்டாவது சைடுல பேஸ்ட் உருகுது, ஆனா பேட் முழுக்க பரவல, தாமரை இலை மேல தண்ணி மாதிரி நடுவுல திரண்டு நிக்குது. மைக்ராஸ்கோப்ல பாத்தா பேட் ஓரமெல்லாம் வெள்ளையா இல்லாம மங்கிப்போயி சாம்பலா கெடக்கு. ஃப்ளக்ஸ (பேஸ்ட்ல ஆக்சைட சுத்தம் பண்ற சமாச்சாரம்) திட்டியாச்சு, ஓவனோட சூட்டு ப்ரொஃபைல மாத்திப் பாத்தாச்சு, ரெண்டு நாள் போனதுதான் மிச்சம்.

விஷயம் என்னன்னா டின்னும் காப்பரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா சும்மா இருக்காது, ரூம் டெம்பரேச்சர்லயே ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊறி, ஆறு காப்பர் அணுவுக்கு அஞ்சு டின்னுங்கற கணக்குல இன்டர்மெட்டாலிக் லேயர் ஒண்ணு வளந்துகிட்டே இருக்கும், சூடு பட்டா வேகமா வளரும். சோல்டர் நல்லா ஒட்டறதுக்கு மேல மிச்சமிருக்கற சுத்தமான டின் வேணும். அந்த லேயர் மேல வரைக்கும் வந்து ஆக்சைடு ஆயிடுச்சுன்னா கழுவ வேண்டியில்லாத சாதா நோ கிளீன் ஃப்ளக்ஸால ஒண்ணும் பண்ண முடியாது. இமர்சன் டின்னோட மொத்த தடிமனே சுமார் 1 மைக்ரான்தான், அதுல ஒவ்வொரு ரீஃப்ளோவும் ஒரு பங்க தின்னுடும். ஈரம் போகட்டும்னு போர்ட ஓவன்ல வச்சு மணிக்கணக்குல பேக் பண்ணாலும் அதே கதைதான், இத நெறைய பேரு மறந்துடறாங்க.

ஹாசில்ங்கற இன்னொரு ஃபினிஷ் இங்கதான் ஜெயிக்குது. போர்ட உருகின சோல்டர்ல முக்கி எடுத்து, சூடான காத்தடிச்சு வழிச்சு விடறாங்க, அதாவது சோல்டர் பேட்ல ஒட்டுமாங்கற பரீட்சைய ஃபேக்டரியிலயே எழுதி பாஸாயிட்டுதான் வருது. தடிமனும் தாராளம், வருஷம் தாண்டி எடுத்தாலும் பெரும்பாலும் ஒட்டும். ஆனா மேடும் பள்ளமுமா இருக்கும், ஒரே போர்டுல ஒரு பேட்ல ரெண்டு மைக்ரான், இன்னொண்ணுல இருபது. காலுக்கு கால் 0.5 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள ஐசி இருந்தா பேஸ்ட் அடிக்கற ஸ்டென்சில் தகடு சரியா உக்காராது, பிரிண்ட் சொதப்பும். பழைய ஈய ஹாசில் 183 டிகிரில உருகும், லெட் ஃப்ரீனா அலாயப் பொறுத்து 217லேர்ந்து 227 வரைக்கும், அதனால போர்டுக்கு அடி கொஞ்சம் ஜாஸ்தி.

அப்போ இமர்சன் டின் எதுக்கு? கண்ணாடி மாதிரி சமதளம், அப்புறம் சோல்டர் இல்லாம ஓட்டைல அழுத்தி சொருகற பிரஸ் ஃபிட் கனெக்டர், டின் மெத்துன்னு இருக்கறதால பின் வழுக்கிட்டு உள்ள எறங்கும். போர்டு வந்த கையோட அசெம்பிள் பண்ணி முடிக்கற லைனுக்கு ஓகே. ஆறு மாசம் ஸ்டாக் வச்சு பாதி பாதியா எடுத்து ஓட்டற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வேணாம். வெறுங்கையால பேட தொடவும் கூடாது.

காம்பொனென்ட் கால்ல இருக்கற டின் வேற சண்டை. பிரைட் டின் பளபளன்னு இருக்கும், அந்தப் பளபளப்புக்காக டின் பூசற கரைசல்ல போடற ஆர்கானிக் சமாச்சாரம் பூச்சுக்குள்ளயே மாட்டிக்கும், டின்னோட படிக மணி (கிரெய்ன்) பொடிசு, உள்ளுக்குள்ள ஸ்ட்ரெஸ் ஜாஸ்தி, விஸ்கர் மொளைக்கும். விஸ்கர்னா மயிர விட மெல்லிசா டின்லேர்ந்து தானா வளர்ற கம்பி, பக்கத்து கால தொட்டா ஷார்ட். 1998ல கேலக்ஸி 4 சாட்டிலைட் செத்ததுக்கு இதத்தான் காரணம்னு சொன்னாங்க. முன்னாடி கொஞ்சம் ஈயம் கலந்து இத அடக்கி வச்சிருந்தாங்க, 2006 ஜூலைல ஈயத்துக்கெல்லாம் தடை போட்ட ஐரோப்பிய சட்டம் ரோஹெச்எஸ் வந்ததும் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுப்போச்சு. அதனால மேட் டின். பாக்க டல்லா இருக்கும், ஆனா கண்ண மூடிட்டு இதையே எடுங்க.

இதுல ஒரு வேடிக்க, மேட் டின் பூசின கையோட 150 டிகிரில ஒரு மணி நேரம் சூடு பண்ணுவாங்க, அந்த இன்டர்மெட்டாலிக் லேயர் சீரா வளரட்டும்னே! கோணல்மாணலா வளந்தாதான் ஸ்ட்ரெஸ், ஒரே மட்டமா வளந்தா விஸ்கர் கொறையும். போர்டுல நம்மள கவுத்த அதே லேயர் இங்க காவல்காரன், ஏன்னா கால்ல டின் பத்து மைக்ரான் கிட்ட இருக்கு, கொஞ்சம் போனாலும் மிச்சம் கெடக்கும். அடில நிக்கல் போட்டிருந்தா இன்னும் நல்லது.

சந்தேகமான லாட் கைல இருந்தா, ஒரு வெறும் போர்ட பேஸ்ட் இல்லாம ரெண்டு தடவ ரீஃப்ளோல ஓட விடுங்க, அப்புறம் பேஸ்ட் அடிச்சு மூணாவது தடவ. பேட் ஓரம் வரைக்கும் பரவுச்சுன்னா லைன்ல போடலாம், நடுவுல திரண்டு நின்னா அந்த லாட ஓரமா வச்சிடுங்க.